துறையிலிருந்து தொடங்கும் சூழல் பணி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறையில் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வுமாகச் சில ஆண்டுகள் இருந்தேன். அந்தக் காலத்தில் மாணவர்கள் சிலர் சேர்ந்து, துறையில் வீணாகும் நீர், மின்சாரம், தாள், வேதிப்பொருள் ஆகியவற்றைக் குறைக்க முயன்றோம். சில முயற்சிகள் நிலைத்தன. சில நாங்கள் வெளியேறிய மறு ஆண்டே மறைந்தன. பிற கல்லூரி மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு என்னால் சொல்ல முடிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வளாகம் முழுவதையும் விட்டுவிட்டு ஏன் துறையில் தொடங்கச் சொல்கிறீர்கள்?

வளாகம் மாணவர் கைக்கு எட்டாத அளவு பெரியது. மின்கட்டணம் பதிவாளர் அலுவலகத்தில் கட்டப்படுகிறது. கட்டடப் பராமரிப்பு வேறொரு பிரிவின் பொறுப்பு. ஒரு குழாயை மாற்றுவதற்கே மூன்று கையெழுத்துகள் வேண்டும். துறையின் நிலை வேறு. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த வகுப்பறையில் ஆளில்லாமல் மின்விசிறி சுற்றுகிறது, எந்த அலமாரியில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகள் வரிசையாக நிற்கின்றன என்பதெல்லாம் அங்கே நாள்தோறும் புழங்குபவருக்கே தெரியும். அதோடு, துறைக்குள் நடக்கும் பெரும்பாலான வீணடிப்பு யாரும் எடுத்த முடிவால் நிகழ்வதில்லை. முன்பு ஒருவர் செய்தார், அதைப் பார்த்து அடுத்தவர் செய்கிறார். அத்தகைய வழக்கத்தைத் துறைத்தலைவரின் ஒரு சுற்றறிக்கை மாற்றிவிடும். அந்தச் சுற்றறிக்கையை எழுத வைப்பது மாணவரால் முடிகிற காரியம்.

இப்படி மாணவர்கள் முன்னின்று செய்த முயற்சி வேறு எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில், 1970இல் முதல் புவி நாளையொட்டி மாணவர்கள் ஒரு சூழல் மையத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது. அதே வளாகத்தில் 2009இல் ஆய்வகங்களுக்கென்றே ஒரு பசுமைத் திட்டம் உருவானது. உறைபெட்டிகளின் வெப்பநிலை, நச்சுப்புகையை வெளியேற்றும் புகைப்போக்கி அறைகளின் கதவு, மறுபயன்பாட்டுக்குரிய கருவிகள் என்று ஆய்வகத்திற்குள் மட்டுமே தென்படும் விஷயங்களை அது எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் ‘பீப்பிள் அண்ட் பிளானட்’ என்ற மாணவர் அமைப்பு 2007 முதல் பல்கலைக்கழகங்களைச் சூழல் அடிப்படையில் தரவரிசைப்படுத்தி வருகிறது. அந்தப் பட்டியலில் கீழே போய்விடக் கூடாது என்ற எண்ணம் நிர்வாகங்களை அசைக்கிறது.

நம் ஊரில் தொடக்கம் வேறு வழியாக வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சூழல் கல்வியைப் பாடமாக்கும்படி உத்தரவிட்டது. அதன்படிதான் இளநிலை மாணவர் அனைவரும் சூழலியலை ஒரு கட்டாயத் தாளாகப் படிக்கிறார்கள். தேர்வு எழுதி மறந்துவிடும் தாளாக அது சுருங்கிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தத் தாளுக்குரிய களப்பணியைச் சொந்தத் துறையிலேயே செய்யலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஏரிக்குச் சுற்றுலா போய்வந்து எழுதும் அறிக்கையைவிட அது பயனுள்ளது என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள்.

மரம் நடுவதிலிருந்து தொடங்கலாமா?

நடுங்கள், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். மரம் நடும் நாளில் புகைப்படம் எடுக்கப்படும், செய்தி வரும், வேலை முடிந்துவிட்டது என்ற நிறைவும் வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனபின் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டும் நடுங்கள்.

அப்படியானால் முதல் வேலை எது?

அளப்பது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒழுகும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பீக்கரை வைத்து, அது நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அறைகளுக்கும் போய் மின்விசிறி, குழல்விளக்கு, ஏ.சி. ஆகியவற்றை எண்ணி, ஒவ்வொன்றின் வாட் அளவையும் எழுதுங்கள். நகல் எடுக்கும் இயந்திரத்தில் உள்ள எண்ணிக்கைக் காட்டியை மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். குப்பைத் தொட்டியை ஒரு வாரம் எடை போடுங்கள்.

பெரும்பாலான துறைகளுக்குத் தனி மின்மானி இருக்காது. கட்டடம் முழுவதற்கும் ஒன்றே இருக்கும். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். சுவர் பிளக்கில் செருகி ஒரே கருவியின் மின் நுகர்வை அளக்கும் சிறிய மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு வாட்டர் பாத், ஓர் ஓவன், ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை ஆளுக்கு ஒரு நாள் அளந்தாலே, எது எவ்வளவு எடுக்கிறது என்பது குறித்து நீங்கள் கொண்டிருந்த கணிப்பு தவறு என்று தெரிந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் பெரிய கருவிகளையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். கண்ணாடிப் பாத்திரங்களை உலர்த்தும் ஓவன் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை வெறுமையாக எரிந்துகொண்டிருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை.

வேதியியல் ஆய்வகத்தில் அதிகம் வீணாவது எது?

நீர். வெளியாட்கள் இதை நம்பமாட்டார்கள். ரிஃப்ளக்ஸ் செய்யும்போது, அதாவது கலவையைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து மீண்டும் அதிலேயே விழச் செய்யும்போது, கண்டென்சர் என்ற குளிர்விப்புக் குழாயின் ஒரு முனையில் குழாய்நீர் நுழைந்து மறுமுனை வழியாகக் கழுவுதொட்டியில் விழுந்து சாக்கடைக்குப் போகிறது. அந்த நீரில் எந்த மாசும் கலப்பதில்லை. சற்றே வெதுவெதுப்பாகியிருக்கும், அவ்வளவுதான். நிமிடத்திற்கு 1 லிட்டர் என்று மெதுவாக ஓடவிட்டாலும் 8 மணி நேரத்தில் 480 லிட்டர் போய்விடும். இரவு முழுவதும் 12 மணி நேரம் ஓடினால் 720 லிட்டர். ஒரே நேரத்தில் ஐந்து பேர் ரிஃப்ளக்ஸ் போட்டிருந்தால் நடப்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். கோடையில் விடுதியில் குளிக்கத் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்பவர்களும் இதே மாணவர்கள்தான்.

மாற்று வழி எளியது. ஏர்கூலருக்குள் இருக்குமே, அந்தச் சிறிய நீர்மூழ்கி மோட்டாரை ஒரு பெரிய வாளியில் போட்டு, அதன் குழாயைக் கண்டென்சரின் கீழ்முனையிலும், மேல்முனைக் குழாயைத் திரும்ப வாளிக்குள்ளும் விட்டால், அதே நீர் சுற்றிக்கொண்டேயிருக்கும். வாளி சூடேறும்போது பனிக்கட்டியோ, நீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலோ போடலாம். இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஈதர் போன்ற மிகக் குறைந்த கொதிநிலைக் கரைப்பான்களுக்கு நம் ஊர் வெயிலில் வாளிநீரின் குளிர்ச்சி போதாது. மோட்டாரின் மின்இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் உள்ள பிளக்கிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஆய்வக உதவியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஓடவிடாதீர்கள்.

காய்ச்சி வடித்த நீர் தயாரிக்கும் கருவியும் இதே கதைதான். ஒரு லிட்டர் வடிநீருக்குப் பல மடங்கு குளிர்விக்கும் நீர் வெளியே போகிறது. அந்த வெந்நீரை ஒரு தொட்டியில் பிடித்துக் கண்ணாடிப் பாத்திரங்களை முதற்கழுவலுக்குப் பயன்படுத்தலாம். எங்கள் துறையில் இன்றுவரை நிற்கும் மாற்றங்களில் இது ஒன்று. பாத்திரம் கழுவுபவருக்கு வெந்நீர் கிடைத்தால் வேலை சுலபமாகிறது என்பதே அது நிலைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செய்முறைப் பாடத்தையே மாற்ற முடியுமா? அது பாடத்திட்டம் ஆயிற்றே?

பாடத்திட்டத்தில் சோதனையின் பெயர் இருக்கும். அளவு பெரும்பாலும் இருக்காது. பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை டைகுரோமேட்டுடன் தரம்பார்க்கும் (ஒரு கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறியும்) சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிலிட்டர் பியூரெட், 20 மில்லிலிட்டர் பிப்பெட் (இரண்டும் கரைசலை அளக்கும் கண்ணாடிக் குழாய்கள்), ஒத்துவரும் அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப என்று ஒரு பிரிவு முழுவதும் செய்து முடிக்கும்போது, குரோமியம் கலந்த கரைசல் லிட்டர் கணக்கில் கழுவுதொட்டிக்குள் போயிருக்கும். பியூரெட்டில் மீந்து கொட்டப்படும் டைகுரோமேட்டில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறிணைதிறன் குரோமியம். அதே சோதனையை 10 மில்லிலிட்டர் பியூரெட்டிலும் 5 மில்லிலிட்டர் பிப்பெட்டிலும் செய்யலாம். கற்றுக்கொள்ளும் திறமை ஒன்றே. கழிவு நான்கில் ஒரு பங்கு. வேதிப்பொருள் வாங்கும் செலவும் அதே அளவு குறைகிறது என்பதைச் சொன்னால் துறையில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை எம்.எஸ்சி. வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். கழிவு உண்டான பின் சுத்தம் செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது அவற்றுள் முதலாவது. அதைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மாடியிறங்கி வந்து, குரோமிக் அமிலத்தில் பாத்திரம் கழுவுகிறோம். சாதாரண ஆய்வகச் சோப்புக் கரைசல் பெரும்பாலான பாத்திரங்களுக்குப் போதும். வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தலில் வீழ்படியும் வெள்ளி குளோரைடைச் சேர்த்துவைத்து, அதிலிருந்து வெள்ளியை மீட்பதை ஓர் இளநிலைத் திட்டப்பணியாகவே கொடுக்கலாம்.

செய்முறை வகுப்பு மாறவே மாறாது என்று நினைப்பவர்கள் விலங்கியல் துறையைப் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாகத் தவளையை அறுத்த மேசைகளில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2014ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின் அது நின்றது.

கழிவுக் கரைப்பான்களைக் கழுவுதொட்டியில் ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆய்வகத் தொட்டியின் குழாய் பல இடங்களில் எந்தச் சுத்திகரிப்புக்கும் போவதில்லை. கட்டடத்தின் பின்புறம் உள்ள குழியில் முடிகிறது. பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு இருக்கும்.

குறைந்தது மூன்று கலன்கள் வைக்க வேண்டும்: குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் போன்ற ஹாலஜன் கரைப்பான்களுக்கு ஒன்று, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் போன்ற மற்றவற்றுக்கு ஒன்று, கனஉலோகம் கலந்த நீர்க்கரைசல்களுக்கு ஒன்று. கலனில் என்னென்ன ஊற்றப்பட்டது, யார் ஊற்றினார், எந்தத் தேதி என்று ஒரு தாள் தொங்க வேண்டும். அசிட்டோனும் குளோரோஃபார்மும் காரத்தின் முன்னிலையில் கடுமையாக வினைபுரியும். நைட்ரிக் அமிலமும் கரிமக் கரைப்பானும் ஒரே கலனில் சேர்ந்தால் வெடிக்கும். எனவே இது ஆர்வத்தால் மட்டும் செய்யக்கூடிய வேலை இல்லை, ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி இத்தகைய கழிவு, உரிமம் பெற்ற நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதற்கான பொது நிலையம் இருக்கிறது. ஒரு துறையின் கழிவு அளவு மிகச் சிறியது என்பதால் வண்டி அனுப்பத் தயங்குவார்கள். வேதியியல், மருந்தியல், உயிரி வேதியியல் துறைகள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை அனுப்ப ஏற்பாடு செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

உயிரியல் துறைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிளாஸ்டிக்கையும் உறைபெட்டியையும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் உயிரியல் துறையில் 2014ஆம் ஆண்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 280 ஆய்வாளர்கள் சேர்ந்து 267 டன் உண்டாக்கியிருந்தார்கள். நம் துறைகளில் பணத்தட்டுப்பாட்டால் இவ்வளவு ஆவதில்லை. பல ஆய்வகங்களில் பிப்பெட் முனைகளைக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் இன்னமும் உண்டு. கண்ணாடிப் பெட்ரித் தட்டுகளை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறப்போகும் ஆய்வகம் எதுவாக இருந்தாலும், ஒரு முறை யோசிக்கும்படி சொல்லுங்கள்.

பூஜ்யத்திற்குக் கீழ் 80 டிகிரியில் வைக்கும் ஆழ்உறைபெட்டி, பழைய ரகமாக இருந்தால், நாளொன்றுக்கு 15 முதல் 20 யூனிட் வரை மின்சாரம் எடுக்கும். நடுத்தரக் குடும்பம் ஒன்று ஒரு நாளில் செலவிடுவதைவிட அது அதிகம். வெப்பநிலையைக் கழித்தல் 70க்கு மாற்றினால் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சமாகும் என்பது பல பல்கலைக்கழகங்களில் அளந்து பார்த்த முடிவு. பெரும்பாலான மாதிரிகளுக்கு அந்த வெப்பநிலை போதும். ஆனால் அது ஒரு மாணவர் தானாகத் திருகிவிடக்கூடிய குமிழ் இல்லை. உள்ளே பத்தாண்டு கால ஆய்வு இருக்கிறது. கதவு விளிம்பில் படிந்த பனியை அகற்றுவது, பட்டம் பெற்றுப் போன சீனியர்களின் மாதிரிகளைப் பட்டியலிட்டு நெறியாளரிடம் கேட்டு நீக்குவது, எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கதவில் ஒட்டுவது ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். கதவு திறந்திருக்கும் நேரம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

எங்களுடையது தமிழ்த்துறை. ஆய்வகமே இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

தாளும் விழாவும் உங்களிடம் இருக்கின்றனவே. திட்டப்பணி அறிக்கையை ஒரு பக்கம் மட்டும், இரட்டை இடைவெளியில் அச்சிட வேண்டும் என்ற வழக்கம் தட்டச்சுப் பொறிக் காலத்தது. 60 மாணவர்கள், ஆளுக்கு 4 படிகள், படிக்கு 60 தாள்கள் என்று வைத்தால் 14,400 தாள்கள் ஆகின்றன. 500 தாள்கள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை இருக்கும். ஆக, ஒரே வகுப்பின் அறிக்கைகள் 72 கிலோ. இருபக்கமும் அச்சிட்டால் அது பாதியாகும். அச்சுக்கூலியும் புத்தகமாகக் கட்டும் கூலியும் குறைவதால் மாணவர்கள் யாரும் எதிர்க்கமாட்டார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்திற்குப் போகின்றன. அப்படியிருக்க, அச்சுப்படிகள் எத்தனை வேண்டும் என்று ஆய்வுக்குழுவிடம் கேட்பதில் தவறில்லை.

பிறகு விழா. கருத்தரங்கு நடந்த மாலையில் அரங்கின் பின்வரிசைக்குப் போய்ப் பாருங்கள். பாதி குடித்த 300 மில்லி தண்ணீர் பாட்டில்கள், ஒரு வடையும் ஒரு இனிப்பும் வைத்த அட்டைப்பெட்டிகள், யாரும் மறுபடி திறக்கப்போகாத பிளாஸ்டிக் கோப்புறைகள், மேடையில் தேதி அச்சிட்டதால் அடுத்த ஆண்டுக்கு உதவாத ஃபிளெக்ஸ். அந்த ஃபிளெக்ஸ் பி.வி.சி.யால் ஆனது, வளாகத்தின் மூலையில் எரித்தால் டையாக்சின் போன்ற நஞ்சுகள் காற்றில் கலக்கும். துணியில் துறையின் பெயரை மட்டும் எழுதிவைத்து, நிகழ்ச்சியின் பெயரைத் திரையில் காட்டுவது போதும். பொன்னாடைக்குப் பதில் நூல் தரலாம். தமிழ்த்துறைக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை எது?

துறையில் தேநீருக்குக் காகிதக் கோப்பைதானே பயன்படுத்துகிறோம், அதில் என்ன தவறு?

காகிதக் கோப்பையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் தேநீர் ஊறிவிடும். ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தடைப் பட்டியலிலும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளர் கொண்டுவந்து பெயர் எழுதி வையுங்கள். கழுவுவது அவரவர் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை அலுவலக உதவியாளர் தலையில் விழும்.

மின்சாரத்தில் மாணவரால் எவ்வளவு குறைக்க முடியும்?

அணைப்பது ஒரு பகுதி. மாற்றச் சொல்வது பெரிய பகுதி. சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. எனும் தூரிகையில்லா நேர்மின்னோட்ட மோட்டார் உள்ளது 30 வாட்டில் சுற்றும். 12 மின்விசிறிகள் நாளுக்கு 7 மணி நேரம் ஆண்டுக்கு 200 நாள் ஓடினால், வேறுபாடு 756 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கணக்கில், அது அரை டன்னுக்கு மேல். பழைய மின்விசிறி பழுதாகும்போது இந்த ரகத்தை வாங்கச் சொல்லுங்கள்; ஓடுகிற விசிறியைக் கழற்றச் சொன்னால் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். பழைய ரெகுலேட்டரில் இது சரியாக இயங்காது என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மின்திறன் மேம்பாட்டுப் பணியகத்தின் கணக்கு. கணினி அறையில் 18இல் வைத்துவிட்டுச் சால்வை போர்த்தி அமர்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய கணினிகளை அகற்றி ஓர் அறையைக் காலிசெய்ய நினைக்கிறோம். சரியா?

இதில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு விடுமுறை நாளில் பழைய மானிட்டர்களையும் சிபியூக்களையும் ஓரிடத்தில் குவித்து, பழைய இரும்பு வாங்குபவரை வரச் சொல்லிவிட்டோம். மறுநாள் துறை அலுவலகத்தில் பெரிய பிரச்சினை. ஒவ்வொன்றும் இருப்புப் பதிவேட்டில் எண்ணோடு இருக்கும் அரசுச் சொத்து. குழு பார்வையிட்டுப் பயனற்றது என்று சான்றளித்த பிறகே வெளியே போக முடியும். நாங்கள் குவித்ததில் எண் ஒட்டிய சீட்டுகள் பல கிழிந்துபோயிருந்தன. அவற்றைப் பதிவேட்டோடு பொருத்திப் பார்க்க அலுவலக உதவியாளர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

எனவே முதலில் பட்டியல் போடுங்கள், எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள், துறைத்தலைவர் வழியாக நீக்கக் குழுவுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெரிய நிறுவனங்கள் இவற்றைப் பதிவுபெற்றவர்களிடமே தர வேண்டும். தெருவில் உடைத்துச் செம்பு எடுப்பவரின் நுரையீரலுக்குள் போவது நம் துறையின் கணினிதான்.

குப்பையைப் பிரிக்க வண்ணத் தொட்டிகள் வாங்கி வைத்தோம். ஒரு மாதத்தில் எல்லாம் கலந்துவிட்டது. ஏன்?

துறையைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் கேட்டீர்களா? பிரித்துப் போட்டதை அவர் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்? கீழே ஒரே வண்டி, ஒரே குவியல் என்றால், மாடியில் பிரிப்பதில் அவருக்கு இரட்டை வேலை தவிர வேறொன்றும் இல்லை. தொட்டி வாங்குவதற்கு முன் வண்டி வரும் நேரம், பழைய தாளை எடுப்பவர், மக்கும் குப்பைக்குக் குழி இருக்கிறதா என்பவற்றை அவரோடு நடந்துபோய்ப் பாருங்கள். தொட்டிகளில் தமிழில் எழுதுங்கள். உடைந்த கண்ணாடிக்குத் தனியாகக் கடினமான பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரணத் தொட்டியில் போட்ட உடைந்த பீக்கர் கிழிப்பது அவருடைய கையை. எங்கள் துறையில் அப்படி ஒரு காயம் ஏற்பட்ட பிறகே அந்தப் பெட்டி வந்தது என்பதை நான் இன்றும் வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன். ஊசி, கிருமி வளர்த்த தட்டு போன்றவை உயிரிமருத்துவக் கழிவு விதிகளுக்குள் வருபவை. அவற்றை எக்காரணம் கொண்டும் பொதுக்குப்பையில் சேர்க்கக் கூடாது.

துறைத்தலைவரிடம் எப்படிக் கேட்பது? நெறியாளர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது; உங்கள் மதிப்பெண்ணும் ஆய்வேடும் அவர்கள் கையில் இருக்கின்றன. எனவே தனியாகப் போகாதீர்கள், குறையாகச் சொல்லாதீர்கள். ஒரு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை, அதற்கான அளவு, ஆகும் செலவு, பொறுப்பேற்கும் இருவரின் பெயர் ஆகியவை இருக்கட்டும். “ஐயா, வடிநீர்க் கருவியிலிருந்து நாளொன்றுக்கு இவ்வளவு லிட்டர் போகிறது, ஒரு தொட்டி வைக்க அனுமதி வேண்டுகிறோம்” என்ற கடிதத்தை மறுப்பது யாருக்கும் கடினம். “நம் துறை சூழலைக் கெடுக்கிறது” என்ற கடிதத்தை ஏற்பதும் அதே அளவு கடினம். சூழலில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியராவது ஒவ்வொரு துறையிலும் இருப்பார். கடிதத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ குழுவின் வருகைக்கு இது உதவுமா?

உதவும். நிறுவனத்தின் விழுமியங்களையும் சிறந்த நடைமுறைகளையும் பற்றிய பகுதியில் பசுமைத் தணிக்கை, ஆற்றல் தணிக்கை, கழிவு மேலாண்மை ஆகியவற்றைக் கேட்கிறார்கள். உங்கள் அளவீட்டுக் குறிப்பேடு அதற்கு நல்ல சான்று. ஆனால் குழு வரும் வாரத்திற்காக மட்டும் தொட்டிகளையும் பதாகைகளையும் ஏற்பாடு செய்யச் சொன்னால், நாங்கள் ஆண்டு முழுவதும் எழுதிய குறிப்பேட்டையே காட்டுங்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

மேலே சொன்னவற்றில் பாதிக்கும் மேல் பணம் கேட்காதவை. மற்றவற்றுக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டப்பணிகளுக்கு ஆண்டுதோறும் சிறு தொகை தருகிறது. நீர்ச் சுழற்சி அமைப்பையோ வெள்ளி மீட்பையோ திட்டப்பணியாக எழுதி விண்ணப்பிக்கலாம். முன்னாள் மாணவர்களிடம் நேரடியாகப் பணம் திரட்டாதீர்கள். துறை வழியாகப் பொருளாகக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டில் நாங்கள் போய்விடுவோம். அதன் பிறகு?

எங்கள் முயற்சிகளில் மறைந்துபோனவற்றைப் பார்க்கும்போது, அவை எல்லாம் யாரோ ஒருவரின் ஆர்வத்தில் நின்றவை என்பது புலப்படுகிறது. மோட்டார் போட்ட வாளிகளை ஒரு சீனியர் அண்ணன் கவனித்துவந்தார். அவர் பட்டம் பெற்றுப் போனதும் மோட்டார் பழுதானது, மீண்டும் குழாய் திறந்தது. நிலைத்தவை காகிதத்தில் ஏறியவை. சிறிய பியூரெட் செய்முறைக் கையேட்டில் அச்சானது. இருபக்க அச்சு, திட்டப்பணி வழிகாட்டுத் தாளில் ஒரு வரியானது. உடைந்த கண்ணாடிப் பெட்டி ஆண்டுக் கொள்முதல் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே எதைச் செய்தாலும், அது எந்தக் கையேட்டில், எந்தப் படிவத்தில், எந்தப் பட்டியலில் எழுதப்பட வேண்டும் என்று முதல் நாளே கண்டுபிடியுங்கள். குறிப்பேட்டை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வைத்திருக்கட்டும். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் அவரோடு சேர்ந்து அளக்கட்டும்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று சொல்லுங்கள்.

மாலை ஐந்து மணிக்குத் துறையின் எல்லா அறைகளையும் ஒரு சுற்று நடந்து, எரிகிற விளக்கு, சுற்றுகிற விசிறி, ஒழுகுகிற குழாய், சூடாக இருக்கும் ஓவன் ஆகியவற்றை அறை எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். எதையும் அணைக்க வேண்டாம்; யாருடைய சோதனை ஓடுகிறது என்று தெரியாது. ஐந்து நாள் இதே நேரத்தில் நடந்தால் ஒரு பட்டியல் கிடைக்கும். ஐந்து நாளும் திரும்பத் திரும்ப வந்த அறை எண்களுக்குக் கீழே கோடு போடுங்கள்.